50 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு வருடம்

போன ஜனவரியில் இந்த வேலையில் சேர்ந்தேன். பொதுக் கலைக்கூடம் ஒன்றில் அறைக் காவலர். அறையின் ஓரத்தில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, படத்தை நெருங்கினால் எழுந்து வந்து "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்பாரே, அந்த வேலைதான். எனக்குக் கொடுத்தது மூன்றாம் அறை. நான்கு சுவர், இரண்டு வாசல், எப்போதும் மூடியே இருக்கும் ஒரு பெரிய ஜன்னல். டிசம்பர் முடிவதற்குள் அந்த ஓர் அறையில் ஏழு கண்காட்சிகள் வந்து போயின. ஏழையும் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் பார்த்தேன். அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று வருடம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் வந்தவை நீர்வண்ண ஓவியங்கள். மலை, ஏரி, மூடுபனி, மழைக்கு முந்தைய வானம். எல்லாம் நூறு நூற்றைம்பது வருடம் பழையவை. அறை ஒரே மங்கல். உள்ளே நுழைபவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்த்தார்கள், பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதோ என்று. இரண்டாம் நாள் ஒரு பெரியவர் நேராக என்னிடமே வந்தார். "இவ்வளவு சிரமப்பட்டுப் படத்தை மாட்டிவிட்டு, வெளிச்சத்தில் போய்க் கஞ்சத்தனம் பண்ணலாமா அம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்குமே அந்தக் கேள்வி இருந்தது.

எங்கள் கலைக்கூடத்தில் ஓவியங்களைப் பேணிப் பழுதுபார்க்க ஒரு கன்சர்வேட்டர் இருக்கிறார். என்னைவிட இருபது வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெரியவர் கேட்டதை அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை, கதவு திறப்பதற்கு முன், உள்ளங்கை அளவு கருவி ஒன்றோடு வந்தார். ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டர். ஏரிப் படத்துக்கு முன்னால் அதைப் பிடிக்கச் சொன்னார். 48 காட்டியது. "50ஐத் தாண்டக் கூடாது அக்கா" என்றார். அப்புறம் ஜன்னல் பலகையை ஒரு விரல் அளவு விலக்கினார். எண் ஒரே தாவலாக 1,000ஐத் தாண்டியது. உடனே மூடிவிட்டார்.

எண்ணெய் வண்ணத்தில் நிறமி எண்ணெய்க்குள் கெட்டியாகப் பொதிந்து கிடக்கும். அதற்கு 200 லக்ஸ் வரை கொடுக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. நீர்வண்ணத்தில் அந்தக் காப்பு கிடையாது. காகிதத்தின்மேல் மூச்சுக்காற்று படிந்ததுபோல் மெல்லிய ஒரு படலம், அவ்வளவுதான். ஒளி படப்பட அது வெளுக்கும். இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது, வெளுப்பு கூடிக்கொண்டே போகும் என்பதுதான். இன்று பட்ட ஒளி, பத்து வருடம் முன்பு பட்ட ஒளி, எல்லாம் ஒரே கணக்கில் சேரும். இருட்டில் வைத்தால் கணக்கு ஏறுவது நிற்கும், இறங்காது. போன நிறம் போனதுதான்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 50 லக்ஸ், நாளுக்கு எட்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஆறு நாள். மொத்தம் 28,800 லக்ஸ்-மணி. உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். அப்படியென்றால் மூன்று மாதக் கண்காட்சி முழுவதும் அந்த ஏரியின்மேல் விழும் ஒளியும், அதை வெளியே எடுத்துப்போய் வெயிலில் 17 நிமிடம் வைத்தால் விழும் ஒளியும் ஒன்று. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் செய்யும் கெடுதல் தனி.

மறுவாரம் பெரியவர் திரும்பவும் வந்தார். வந்தவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். "வாசலில் நின்று உடனே திரும்பாதீர்கள், இரண்டு மூன்று நிமிடம் படத்தின் முன்னால் நில்லுங்கள், கண் பழகட்டும்" என்றேன். அதற்காகத்தான் வெளி நடையிலிருந்தே விளக்குகளைப் படிப்படியாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கே முந்தின நாள்தான் தெரியும். அவர் ஏரியின் முன்னால் நின்றார். நான் நாற்காலிக்குப் போய்விட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், "இங்கே ஒரு படகு இருக்கிறதே!" என்று சத்தமாகச் சொன்னார். ஆமாம், இருந்தது. ஏரியின் ஓரத்தில், மூடுபனிக்குள், நகக்கண் அளவுக்கு ஒரு படகு. அதில் ஒரு ஆள். பத்து நாளாக அந்த அறையில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்ததே இல்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஆட்கள் ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. சராசரி 27 வினாடி. அங்கே இருந்தவை பேர்பெற்ற ஓவியங்கள், நல்ல வெளிச்சம். 27 வினாடியில் எங்கள் அறையில் யாருக்கும் படகு தெரியாது.

அந்தக் கண்காட்சி நடக்கும்போதுதான் ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளரைப் பற்றி கன்சர்வேட்டர் சொன்னார். ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்த 38 நீர்வண்ண ஓவியங்களை ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு அவர் எழுதி வைத்தார். 1900இல் அவை அங்கே வந்து சேர்ந்தன. அவர் போட்ட நிபந்தனை: எல்லாவற்றையும் ஒன்றாக, இலவசமாக, ஜனவரி மாதத்தில் மட்டுமே காட்ட வேண்டும். வடக்கே ஜனவரியில் பகலும் குறைவு, வெயிலும் மந்தம். மற்ற பதினோரு மாதமும் அவை இருட்டில். டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு இதேபோல் 31 ஓவியங்கள் கொடுத்தார். லக்ஸ் மீட்டரும் இந்த விதிமுறைகளும் வராத காலத்தில் ஒரு மனிதர் கண்ணாலேயே பார்த்து இதைப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்த ஓவியங்கள் இன்றும் புதுசுபோல இருக்கின்றன என்பதுதான் அவருக்குக் கிடைத்த மரியாதை. தான் பார்க்கப் போகாத மனிதர்களுக்காக, தன் காலத்து மனிதர்களின் பார்வையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அப்போது இன்னொரு காரியமும் செய்தோம். நீலக் கம்பளி அட்டை என்று ஒன்று இருக்கிறது. எட்டுச் சிறு கம்பளித் துண்டுகள் வரிசையாக ஒட்டிய அட்டை, எட்டும் நீலம். முதல் துண்டின் சாயம் ஒளி பட்டால் சீக்கிரம் வெளுக்கும். இரண்டாவது வெளுக்க ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு ஒளி வேண்டும், மூன்றாவதற்கு இன்னும் கூட, அப்படியே எட்டாவது வரை. அட்டையின் பாதியை ஈயத்தாள் போன்ற ஃபாயிலால் மூடி, நாற்காலிக்கு மேலே சுவரில் ஒட்டினார். தேதி எழுதச் சொன்னார். என் கையெழுத்தில்தான் எழுதினேன். "வருடம் முடிகிறபோது பிரித்துப் பார்க்கலாம் அக்கா. கண்காட்சி மாறினாலும் இதை மட்டும் எடுக்கக் கூடாது" என்றார்.

மார்ச் கடைசியில் படங்களை இறக்கினார்கள். ஒவ்வொன்றையும் மேசையில் படுக்க வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வந்தபோது எழுதிய நிலைமைக் குறிப்போடு ஒப்பிட்டார்கள். மூலையில் ஒரு மடிப்பு, ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி, எல்லாம் அதே இடத்தில் இருக்கிறதா என்று. ஏரிப் படத்தின் குறிப்பில் "படகு, இடது கீழ்" என்று எழுதியிருந்தது. அப்புறம் அது அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவில், கருப்பான தட்டைப் பெட்டிக்குள் போனது. மூடியை அழுத்தியபோது காற்று மெதுவாக வெளியேறும் ஒரு சத்தம் கேட்டது.

கண்காட்சிக்கும் கண்காட்சிக்கும் நடுவில் வரும் நாட்களைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. அறை மூடியிருக்கும். ஆணி அடித்த ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்து, பெயின்ட் அடிப்பார்கள். பெயின்ட் காய்ந்தால் போதாது, வாசனை முழுக்கப் போக வேண்டும். அந்த ஆவி சில பொருட்களுக்கு ஆகாது. வெளியிலிருந்து வரும் பெட்டிகளையும் வந்த உடனே திறக்க மாட்டார்கள். ஒருநாள் முழுக்க மூடியபடியே அறையில் வைத்திருப்பார்கள், உள்ளே இருப்பது இந்த அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெல்லப் பழகட்டும் என்று. தூரத்திலிருந்து வந்த விருந்தாளியைக் கொஞ்சம் படுக்க விடுவதுபோல.

ஏப்ரல், மே மாதங்களில் துணிகள். இயற்கைச் சாயம் போட்டவை, பல நாட்டவை. நடுச்சுவரில் கடனாக வந்த பழைய ஐரோப்பியத் திரைச்சீலை ஒன்று, சுவரையே மறைத்தது. காடு, மான், நாய்கள். காட்டில் உள்ள மரங்களெல்லாம் நீலம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தபோது ஒரு சிறுமி என்னிடம் வந்து, "ஏன் இலையெல்லாம் நீலமா இருக்கு?" என்று கேட்டாள். இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் துணிக்குப் பச்சைச் சாயம் என்று தனியாக நல்லது ஒன்று கிடையாது. நீலத்தில் தோய்த்து, அதன்மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை. நீலம் பிடிவாதமாக நிற்கும். மஞ்சள் ஒளிக்குத் தாங்காது. சில நூறு வருடத்தில் மஞ்சள் போய்விட்டது, நீலம் மிஞ்சியது. சுவரைப் பார்த்து இருக்கும் பின்பக்கம் இன்னும் பச்சையாக இருக்கிறது, அதன் புகைப்படத்தைப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். சிறுமி முன்பக்கத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இது நிஜமா பச்சைதான்" என்றாள். பிறகு போய்த் தன் தோழிகள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து, பச்சை மரத்தைக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

வான் கோவின் படுக்கையறை ஓவியமும் இப்படித்தான் என்று அப்புறம் படித்தேன். 1888இல் ஆர்ல் நகரில் அவர் வரைந்தது. தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்று எழுதியிருக்கிறார். இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். ஊதாவுக்குள் இருந்த சிவப்பு போய்விட்டது. அவர் அந்த அறையை எப்படி நினைத்தாரோ, அந்த நினைப்பில் ஒரு பங்கு கடிதத்தில் மட்டும்தான் மிச்சம்.

ஜூனில் வீடியோ. 11 நிமிடப் படம், திரும்பத் திரும்ப ஓடும். நாளுக்கு 43 தடவை. அதன் ஓசை இப்போதும் சில இரவுகளில் காதில் வரும். கடலோரத்தில் ஒரு பெண் கயிறு முறுக்குகிறாள், அவ்வளவுதான் படம். முதல் வாரம் அலுப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் எந்த முறுக்கில் அவள் மூச்சு விடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பழைய குழாய் டிவிப் பெட்டிகளில் காட்ட வேண்டிய வீடியோக் கலையைக் காக்க, அருங்காட்சியகங்கள் அந்த டிவிகளையே தேடி வாங்கிச் சேர்த்து வைக்கின்றன. புதிதாக அவற்றை யாரும் செய்வதில்லை. வெளுக்கும் சாயம்போல இதுவும் ஒரு குறைந்துகொண்டே போகும் இருப்பு.

ப்ரொஜெக்டரை மாட்ட வந்தவர்களுக்குத் தேநீர் இடைவேளை. அப்போது கன்சர்வேட்டர் அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் கதையைச் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடம் ஒன்றுக்காக 1960களில் ராத்கோ வரைந்து கொடுத்த பெரிய ஓவியங்கள். ஐந்து. கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் பொழிந்த அறை அது. அவர் பயன்படுத்திய சிவப்புகளில் லித்தோல் சிவப்பு என்ற ஒன்று வெயிலுக்குக் கொஞ்சமும் தாங்காதது. சில வருடங்களிலேயே வெளுத்துவிட்டது. 1979இல் இறக்கி, இருட்டறைக்கு அனுப்பினார்கள். மேலே வண்ணம் பூசினால் அது ராத்கோவின் ஓவியமாக இருக்காது. ஆகவே 2014இல் அவற்றைத் திரும்பக் காட்டியபோது, கேன்வாஸைத் தொடாமல், ப்ரொஜெக்டரிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நிறம் குறைகிறதோ அந்த நிற ஒளியை மட்டும் அனுப்பினார்கள். எந்த ஒளி நிறத்தைத் தின்றதோ, அதே ஒளி நிறத்தைக் கடன் கொடுத்தது. தினமும் மாலை 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைப்பார்களாம். அதற்கென்றே ஆட்கள் காத்திருந்து பார்ப்பார்களாம், சிவப்பு போய் உண்மையான வெளிறல் தெரிவதை. நான் அங்கே காவலராக இருந்தால் அந்த 4 மணியை ஒருநாளும் தவறவிட மாட்டேன்.

ஜூலை, ஆகஸ்ட் புகைப்படங்கள். கருப்பு வெள்ளைப் படங்கள் நிறைய. எனக்குப் பிடித்தது கடைசிச் சுவர். சயனோடைப் என்ற நீலப் படங்கள். இதைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷெல், வானியலாளர், 1842இல். அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இந்த முறையில் பதிவு செய்து வெளியிடத் தொடங்கினார். கேமராவே வேண்டாம். இரும்பு உப்புகள் கலந்த கரைசலைக் காகிதத்தில் தடவி, இருட்டில் காயவிட்டு, பாசியை மேலே பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். பாசி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும், வெயில் பட்ட இடம் தண்ணீரில் அலசியதும் ஆழ்ந்த நீலம். பிரஷ்யன் நீலம். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை அச்சுப்படத்தில் இருக்கிறதே, அதே நீலம்தான். எழுபது வயது தாண்டிய பிறகு, 1831 வாக்கில் அவர் அதைச் செய்தார். ஐரோப்பாவில் பிறந்த நிறம் ஜப்பானின் கடலாகியிருக்கிறது.

சயனோடைப் படங்களும் ஒளியில் வெளுக்கும். கண்காட்சி முடியும் சமயத்தில் ஒரு படத்தின் நீலம் இளைத்திருந்தது எனக்கே தெரிந்தது. கடனாக வந்ததல்ல, காட்டிப் பார்ப்பதற்காகப் புதிதாகச் செய்த மாதிரிப் படம் அது. அதற்கு மட்டும் பக்கத்தில் பிரகாசமான விளக்கு வைத்திருந்தார்கள். "போச்சே" என்றேன். "போகாது அக்கா" என்றார் கன்சர்வேட்டர். இந்த ஒரு நீலத்துக்கு மட்டும் ஒரு வரம். ஒளியில் இழந்த நிறத்தை, இருட்டில், காற்றுப்பட வைத்தால் பெருமளவு திரும்பப் பெற்றுவிடுமாம். படத்தை இறக்கி இழுப்பறையில் வைத்தார். இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, இழுப்பறையைத் திறந்து காட்டினார். பாசி வெள்ளையாக, அதைச் சுற்றி நீலம், ராத்திரி வானம்போல.

எல்லாம் ஒரு திசையிலேயே போகிறது, திரும்பாது, திரும்பாது என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு இழுப்பறையை மூடினார்.

செப்டம்பரில் படங்களே இல்லை. கலை மாணவர்கள் பன்னிரண்டு பேர் வந்து சுவரிலேயே வரைந்தார்கள். சோல் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞர் 1968இல் தொடங்கிய வழி இது. அவர் எழுதி வைப்பது குறிப்பு மட்டும்: எந்தக் கோடு, எங்கிருந்து எங்கே, எந்தப் பென்சில். அதன்படி மற்றவர்கள் வரையலாம், கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளை அடித்துவிடலாம். 2007இல் அவர் மறைந்தார். அவருடைய சுவரோவியங்களை இன்றும் யாராவது எங்காவது வரைந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் மாணவர்கள் தாங்களே எழுதிய குறிப்பை வைத்து வரைந்தார்கள். நான்கு நாள், மெல்லிய பென்சில் கோடுகள், ஆயிரக்கணக்கில். தூர நின்றால் சுவர் மூச்சு விடுவதுபோல் அசையும்.

முடிந்த அன்று ரோலரை என் கையில் கொடுத்தார்கள். ஆள் குறைவு. முதல் இழுப்பு இழுக்கக் கை வரவில்லை. அந்தக் கோடுகளைப் போட்ட பையன் ஒருவன் பக்கத்தில் நின்றான். "அடிங்க அம்மா, குறிப்பு என்கிட்ட இருக்கு" என்றான். அடித்தேன். முதல் பூச்சில் பென்சில் கோடு முழுக்க மறையாது, சாம்பல் நிழலாகத் தெரியும். இரண்டாவது பூச்சில்தான் போனது. இப்போதும் அந்தச் சுவரைப் பார்க்கும்போது பெயின்ட்டுக்குக் கீழே அவை இருப்பது எனக்குத் தெரியும்.

அக்டோபர் பாதியில் சிற்பங்கள் வந்தன. கல், வெண்கலம். அவற்றுக்கு ஒளியைப் பற்றிக் கவலை இல்லை. வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெரிய ஜன்னலின் பலகைகளைத் திறந்தார்கள். என் அறை எவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் கண்காட்சியில் இன்னொரு விசேஷம், தொடலாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டு, தொடலாம். வருடம் முழுக்க "தொடாதீர்கள்" என்றே சொன்ன வாய், "தொட்டுப் பாருங்கள்" என்று சொல்ல இரண்டு நாள் பிடித்தது. தொடுவதிலும் செலவு உண்டு. ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கும் வெண்கலச் சிலையின் பாதம், பக்தர்கள் தொட்டுத் தொட்டே தேய்ந்து விரல்கள் உருவழிந்துவிட்டது. எங்கள் வெண்கலத்துக்கு மெழுகுப் பூச்சு போட்டிருந்தார்கள், கை பட்டுத் தேய்வது மெழுகாக இருக்கட்டும் என்று.

பார்வையற்ற ஒரு பெண்மணி தன் மகளோடு வந்தார். வெண்கலத் தலை ஒன்றின்மேல் இரண்டு கையையும் வைத்து, நெற்றி, காது, தாடை என்று அவசரமில்லாமல் போனார். பின்கழுத்தில் கை நின்றது. "இங்கே ஒரு தையல் இருக்கிறதே" என்றார். நான் குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். மயிரிழை அளவு ஒரு மேடு. வார்ப்பில் இரண்டு அச்சுகள் சேர்ந்த இடம், அதை ராவி விட்டிருந்தும் முழுக்கப் போகவில்லை. அதைச் செய்தவருக்கு அப்புறம் அந்த மேட்டை அறிந்தவர் அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன்பின் வந்தவர்களில் கேட்டவர்களுக்கெல்லாம், கண்ணை மூடிக்கொண்டு பின்கழுத்தைத் தொடச் சொன்னேன்.

டிசம்பரில் குழந்தைகள் வரைந்த படங்கள். ஜன்னலை மூடிவிட்டார்கள், அறை மீண்டும் 50 லக்ஸ். பெற்றோர்களுக்கு வருத்தம். "பிள்ளைகள் படத்துக்கு எதற்கு இவ்வளவு இருட்டு?" என்றார்கள். ஸ்கெட்ச் பேனா மை நிறைய நீர்வண்ணங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும் என்று விளக்கிச் சொன்னேன். மலிவுக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் இருக்கும், அது பழுப்பாகி நொறுங்கும் என்றும் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை போட்ட யானைக்கும், நூறு வருட ஏரிக்கும் ஒரே அளவுகோல். கன்சர்வேட்டர் அந்த யானையையும் டார்ச் சாய்த்துப் பிடித்து, நிலைமைக் குறிப்பு எழுதித்தான் மாட்டினார். "வலது காதில் சாக்லேட் கறை, வரையும்போதே ஏற்பட்டது."

வருடக் கடைசி வாரத்தில் அட்டையை எடுத்தோம். என் கையெழுத்தில் ஜனவரித் தேதி. ஃபாயிலை மெதுவாக உரித்தார். முதல் துண்டின் குறுக்கே ஒரு கோடு, மூடியிருந்த பக்கம் நல்ல நீலம், திறந்த பக்கம் ஒரு பிடி குறைவு. மற்ற ஏழிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. "ஜன்னல் திறந்த ஆறு வாரம்தான் பெரும் பங்கு" என்றார். ஒரு வருடம் முழுக்க அந்த அறைக்குள் வந்த ஒளி, ஒரு விரல் அகலத் துணியில் ஒரு கோடாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்று மாலை பெரியவர் வந்தார். ஏழு கண்காட்சியில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. குழந்தைகள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த ஏரியை மறுபடி எப்போது மாட்டுவார்கள்?" என்று கேட்டார். விசாரித்து வைத்திருந்தேன். குறைந்தது ஐந்து வருடமாவது பெட்டிக்குள் ஓய்வெடுக்க வேண்டும் என்றேன். அவர் விரல் மடக்கி எண்ணவில்லை, வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

"பரவாயில்லை, மனசில் இருக்கிறது" என்றார். "கரை, மூடுபனி, வலது பக்கம் அந்தப் படகு."

"இடது பக்கம்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் போகிற வருகிறவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நானும் மூடிக்கொண்டேன்.

"ஆமாம்" என்றார். "இடதுதான். அந்த ஆள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்."